தரமான சேறு

குழந்தைக்கு வயிற்றால் போவது நிற்கவே இல்லை. டாக்டரம்மா மருந்தை மாற்றிப் பார்த்தார், பால்பொடியை மாற்றிப் பார்த்தார், கடைசியில் சீட்டை நீட்டிக்கொண்டே, "என்ன தண்ணி குடுக்குறீங்க?" என்று கேட்டார்.

"குழாய்த் தண்ணிதான் டாக்டர். நல்லாக் காய்ச்சித்தான் குடுக்குறேன்" என்றாள் குழந்தையின் அம்மா.

"காய்ச்சினா கிருமி சாகும்மா. கரைஞ்சு கெடக்குற அழுக்கு சாகாது. கொஞ்ச நாளைக்குப் பாப்பாவுக்கு மட்டுமாவது கேன் தண்ணி வாங்குங்க. அப்படியே அந்தத் தண்ணி நிலையத்துல போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

கேட்கப் போனவன் குழந்தையின் அப்பன். சொந்தமாக ஒரு பழைய டிப்பர் லாரி வைத்திருந்தான். மண், ஜல்லி, இடித்த வீட்டுச் செங்கல் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவான், எங்கே கொட்டச் சொன்னாலும் கொட்டுவான். ஊரில் அவனுக்கு டிப்பர் என்றே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவன் வழிவிட்டு நிற்பான். முரட்டு ஆள்தான். ஆனால் அலுவலகம் என்று ஒரு பலகை தொங்கினால் போதும், அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில் "செயல்திறனே எங்கள் உயிர்மூச்சு" என்று எழுதியிருந்தது. தண்ணீரைப் பற்றி எங்கேயும் எழுதவில்லை. காவலாளியின் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு வேனிலிருந்து கேன் கேனாகக் குடிதண்ணீரை இறக்கி உள்ளே உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இங்கேயேதான் தண்ணி தயாராகுது. அப்புறம் எதுக்குண்ணே கேனு?" என்று டிப்பர் கேட்டான்.

காவலாளி அவனை மேலும் கீழும் பார்த்தார். "இங்க வேலை பாக்குறவங்களுக்கும் தாகம் எடுக்கும்ல?" என்றார்.

காம்பவுண்டுக்குள் ஆற்றிலிருந்து ஒரு வாய்க்கால் வந்து நிலையக் கட்டடத்துக்குள் நுழைந்தது. கூழாங்கல்லை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. பாதி தூரம் அப்படித்தான். அதற்கப்புறம் இரண்டு பேர் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, நீளமான கழிகளால் அடிமண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து கீழே தண்ணீர் பழுப்பாகப் போய் நிலையத்துக்குள் விழுந்தது.

"எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்றான் டிப்பர்.

"இல்லையே. கலக்குறோம்."

"எதுக்கு?"

"கலங்கத்தான். நாங்க கலக்கும் பிரிவு" என்றார் மூத்தவர். "நான் நிரந்தரம். இவன் தற்காலிகம். பாருங்க, அதான் அவன் ஆழமாக் கலக்குறான்."

தற்காலிகம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வியர்க்க விறுவிறுக்கக் கிண்டிக்கொண்டிருந்தான்.

செயல்திறன் அதிகாரியின் அறை பெரியது. சுவர் முழுக்கச் சான்றிதழ்கள், மேஜைமேல் இரண்டு கண்ணாடி ஜாடிகள், மூலையில் கேன். அவர் நல்ல மனிதர். வந்தவனை உட்காரச் சொன்னார், கேனிலிருந்து ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தார், என்ன விஷயம் என்று அன்பாகக் கேட்டார்.

"குழாய்ல தண்ணி மஞ்சளா வருது சார். குழந்தைக்கு வயித்தால போகுது."

அதிகாரியின் முகம் வாடிவிட்டது. "தண்ணி சம்பந்தமாவா வந்தீங்க? நான் செயல்திறன்ல இருக்கேன். தண்ணியைப் பத்தி என்கிட்ட யாரும் பேசி ரொம்ப வருஷமாச்சு."

"வெளிய ரெண்டு பேரு நல்ல தண்ணியைப் போயி கலக்கிட்டிருக்காங்க சார்."

"பாத்தீங்களா?" அவர் முகம் மறுபடி மலர்ந்தது. "எப்படிக் கலக்குறாங்க? மனசு வச்சுக் கலக்குறாங்களா?"

டிப்பர் விழித்தான். அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். புரியாதவர்களுக்குப் புரியவைப்பதில் அவருக்கு அலாதிப் பிரியம்.

"எங்க கஷ்டம் உங்களுக்குத் தெரியாது தம்பி. மேல மலைப்பக்கம் எவனோ வேலையத்தவன் மரமா நட்டுத் தள்ளிட்டான். மண்ணு அரிக்கிறது நின்னுபோச்சு. ஆறு தெளிஞ்சுபோச்சு."

"நல்லதுதானே சார்?"

"யாருக்கு நல்லது? வர்ற அழுக்குல எத்தனை பங்கை நாங்க நீக்குறோம்னு பாத்துத்தான் மதிப்பீட்டுக் குழு மார்க் போடுது. அதுக்குப் பேருதான் செயல்திறன். பத்து பங்கு அழுக்கு வருது, அஞ்சை நீக்குறோம்னு வைங்க. பாதி. ஃபெயிலு. நூறு பங்கு வந்து எண்பதை நீக்கினா?"

"எண்பது சார்."

"எண்பது! மூணு நட்சத்திரம்!" அதிகாரி மேஜையைத் தட்டினார். ஜாடிகள் ஆடின.

டிப்பர் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தான். "அப்ப மீதி இருபது சார்?"

"எந்த மீதி?"

"முதல்ல அஞ்சு பங்கு அழுக்குதான் எங்க வீட்டுக்கு வந்துச்சு. இப்ப இருபது வருமே?"

அதிகாரி சிரித்தார். அறியாப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. "மீதி கணக்குல வராதுப்பா. நீக்கினதுதான் கணக்கு. ஒருத்தரைப் பாராட்டணும்னா அவரு செஞ்சதைச் சொல்லுவீங்களா, செய்யாததைச் சொல்லுவீங்களா?"

டிப்பர் தலையைச் சொறிந்தான். அதிகாரி எழுந்து ஜன்னல் பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"வெளிய நிக்குற அந்த டிப்பர் யாருது?"

"என்னுதுதான் சார்."

"கழியை வச்சுக்கிட்டு ரெண்டு பேரு எவ்வளவுதான் கலக்குவாங்க?" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு திரும்பி, டிப்பரின் தோளில் கை போட்டார். அரசாங்கக் கை ஒன்று தன் தோளில் விழுந்தது அவனுக்கு அதுவே முதல் தடவை.

"நமக்குத் தினமும் சேறு வேணும் தம்பி. வெளியிலிருந்து கொண்டுவந்து வாய்க்கால்ல கொட்டணும். நீங்க செய்யுங்க."

"செயல்திறன் ஏறினா தண்ணி நல்லா வருமா சார்?"

"செயல்திறன் ஏறாம எந்த ஊர்லயாவது தண்ணி நல்லா வந்திருக்கா? சொல்லுங்க பாப்போம்."

பெரிய படிப்புப் படித்தவர், கண்ணுக்குக் கண் பார்த்துச் சொல்கிறார், தப்பாகவா இருக்கும் என்று டிப்பர் நினைத்தான். வண்டியும் லோடு இல்லாமல் சும்மா நின்றுகொண்டிருந்தது. சரி என்று தலையை ஆட்டிவிட்டான். குறை சொல்ல வந்தவனையே வேலைக்கு வைத்துக்கொண்டதால் அவனுடைய குறை தீர்ந்துவிட்டது என்று அன்றைக்கே பதிவு செய்யப்பட்டது.

வீட்டில் மனைவியிடம், "நிலையத்துலயே வேலை குடுத்துட்டாங்க. தண்ணியைச் சரிபண்ற வேலை" என்றான். அவள் அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

முதல் நாள் ஆற்றங்கரை ஓரத்துச் செம்மண்ணைக் கொண்டுபோனான். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வெள்ளை அங்கி போட்ட தர ஆய்வாளர் அம்மா ஒருவர் வந்து, ஒரு பிடி மண்ணைக் கண்ணாடிக் குவளையில் கரைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன இது? சுத்தமா இருக்கு!"

"மண்ணுதானேம்மா..."

"சுத்தமான மண்ணு. போட்ட உடனே அடியில தங்கிடும். நிறம் கிடையாது, நாத்தம் கிடையாது. குழுவுல நிறம், நாத்தம், கலங்கல்னு மூணு தலைப்புல பாக்குறாங்க. இதைப் போட்டா ரெண்டு தலைப்புல நாங்க என்னத்தை நீக்குறது? மக்கள் குடிக்கிற தண்ணியில கலக்கப் போறதுய்யா. கொஞ்சமாவது பொறுப்பு வேணாம்?"

டிப்பர் கூனிக்குறுகிப் போனான். அடுத்த நாள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குட்டைச் சேற்றை அள்ளிக்கொண்டு வந்தான். "நாத்தம் பரவாயில்ல, நிறம் பத்தாது" என்று சொல்லிவிட்டார். ஊருக்கு வெளியே சாயப்பட்டறைக் கழிவு ஓடும் கால்வாய் ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போகும்போது பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், தெருநாய்கூட அந்தப் பக்கம் போகாது. அதன் அடிவண்டலை அள்ளி ஒரு வண்டி கொண்டுவந்து நிறுத்தினான். ஆய்வாளர் அம்மா குவளையை எடுத்தார். கறுப்பும் நீலமுமாக மை மாதிரிக் கரைந்தது. எவ்வளவு நேரம் வைத்திருந்தும் தெளியவில்லை. குனிந்து ஒருமுறை முகர்ந்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இதான். தரமான சேறு" என்றார் தழுதழுத்த குரலில்.

முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்த நிலையத்துக்குள் உண்மையாகவே பரிசோதிக்கப்பட்டுத் தேறிய ஒரே பொருள் அந்தச் சேறுதான். கலக்கும் பிரிவு கலைக்கப்பட்டது. மூத்தவரும் தற்காலிகமும் நிர்வாகப் பிரிவுக்கு மாற்றப்பட்டார்கள். பழகிய வேலைதான் என்பதால் அங்கே அவர்கள் சிரமப்படவில்லை.

மதிப்பீட்டுக் குழு வந்த நாளில் நிலையத்துக்கு வெள்ளையடித்தார்கள். தண்ணீரை வடிகட்டும் மணல் படுகையைக் கழுவி எத்தனையோ காலமாகிறது, அதைக் கழுவ நேரம் இல்லை. அதைச் சுற்றியிருந்த கைப்பிடிக் கம்பிக்கு வர்ணம் பூசினார்கள். டிப்பரை விடியும்போதே வரச்சொல்லி வழக்கத்தைவிட அதிகமாகக் கொட்டச் சொன்னார்கள். குழுத் தலைவர் வந்து இறங்கினார். உயரமானவர், பேசுவதில் சமர்த்தர், தண்ணீரைத் தொடாமலே தண்ணீர்த் துறையில் தலை நரைத்தவர். மேடையில் இரண்டு ஜாடிகளை வைத்தார்கள். இடதுபக்க ஜாடியில் உள்ளே வந்த தண்ணீர், வலதுபக்கம் சுத்திகரித்து வெளியே போகும் தண்ணீர். இடது ஜாடி கன்னங்கரேல் என்று இருந்தது. வலது ஜாடி பால் ஊற்றாத தேநீர் போல இருந்தது.

கூட்டம் கைதட்டியது.

"பாருங்கள், எவ்வளவு பெரிய வித்தியாசம்!" என்று தலைவர் பேசினார். "நான் எத்தனையோ நிலையங்களைப் பார்த்திருக்கிறேன். சில இடங்களில் நல்ல தண்ணீர் உள்ளே வருகிறது, நல்ல தண்ணீர் வெளியே போகிறது. அங்கே இருப்பவர்கள் சம்பளத்துக்கு என்னதான் செய்கிறார்கள் என்று நான் வெட்கப்பட்டிருக்கிறேன். இங்கே அப்படியில்லை. இவ்வளவு மோசமான ஆற்றை வைத்துக்கொண்டு இவ்வளவு சாதித்திருக்கிறார்கள். இந்த ஆற்றை இதற்கு மேலும் மோசமாக்கினால் இவர்கள் இன்னும் சாதிப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்."

குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் ஒருவர் மட்டும் கையைத் தூக்கினார். "சார், அந்த வலதுபக்க ஜாடித் தண்ணியைக் குடிக்கலாமா?"

தலைவர் பொறுமையாகப் பதில் சொன்னார்: "குடிப்பது நுகர்வோரின் பணி. நாம் மதிப்பீட்டாளர்கள். அவரவர் வேலையை அவரவர் பார்ப்பதுதான் நல்ல நிர்வாகம்." இளைஞர் உட்கார்ந்துகொண்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

மூன்று நட்சத்திரம் கிடைத்தது. ஊரில் உள்ள ஒவ்வொரு குழாய்க்கும் மூன்று நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. அன்று முழுக்கத் தண்ணீரை நிறுத்தாமல் விட்டார்கள். சேறு கொண்டுவந்தவன் என்று மேடையில் சொல்ல முடியாதாகையால் டிப்பரை "மூலப்பொருள் பங்காளர்" என்று அழைத்துக் கேடயம் கொடுத்தார்கள். கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு அவன் வண்டியை ஓட்டி வந்தான்.

வீட்டுக்கு வந்தால், அடுப்படிக் குழாயில் ஸ்டிக்கர் மின்னியது. வாசலில் காலிக் கேன்கள் அடுக்கியிருந்தன.

"திருப்பிக் குடுத்துடலாம்னு எடுத்து வச்சேன். இனிமே கேனு எதுக்கு?" என்றாள் மனைவி.

"பாப்பாவுக்கு மட்டும் வாங்கிக்கலாமே. இன்னும் கொஞ்ச நாளைக்கு."

"நல்லாருக்கே! நீங்களே கேடயம் வாங்கிட்டு வர்றீங்க, நானே கேன் தண்ணி வாங்கிக் குடுத்தா ஊரு சிரிக்காது? பக்கத்து வீட்டுக்காரி கேக்குறா, உங்க வீட்டுக்காரர் செஞ்ச தண்ணியை நீங்களே குடிக்க மாட்டீங்களான்னு."

அவன் கேடயத்தை ஜன்னல் திண்டில் வைத்தான். சேறு கொட்டுகிற வேலை என்று இத்தனை நாள் சொல்லாததை இப்போது எந்த முகத்தோடு சொல்வது? குழந்தை தொட்டிலில் சிணுங்கியது. மறுநாள் மறுபடி வயிற்றால் போக ஆரம்பித்தது. அதற்கும் மறுநாள் அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தது. பல் முளைக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும் என்றாள் மனைவி. டாக்டரம்மா மருந்து எழுதிக் கொடுத்து, "அதே தண்ணியா?" என்று கேட்டதற்கு, "இல்ல டாக்டர், இப்ப நட்சத்திரத் தண்ணி" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

டிப்பர் அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்தான். அதிகாரி சொன்ன கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். எப்படிப் போட்டாலும் அந்த மீதி தன் வீட்டுத் தொட்டிலில்தான் வந்து விழுந்தது.

மறுநாள் காலை அவன் கால்வாய்ப் பக்கம் போகவில்லை. காலி வண்டியின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு நேரே நிலையத்துக்குப் போனான். காவலாளி மூக்கைப் பொத்திக்கொண்டே முத்திரை குத்தி உள்ளே விட்டார். வாய்க்கால் ஓரத்தில் வண்டியின் தொட்டியை உயர்த்தினான், ஒன்றும் விழவில்லை, இறக்கினான், வெளியே வந்தான். அன்றிலிருந்து தினமும் இதே கதைதான். சேறு விழுகிறதா என்று எட்டிப் பார்க்க அந்த நிலையத்தில் ஆளே கிடையாது. வண்டி வந்ததா என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு.

கொஞ்ச நாளில் குழாயில் தண்ணீர் தெளிந்தது. முதலில் மஞ்சள் போயிற்று, அப்புறம் நாற்றம் போயிற்று. ஒருநாள் காலையில் பாத்திரத்தின் அடியில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது. டிப்பர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். தன் வாழ்நாளில் உருப்படியாக ஒரு காரியம் செய்தோம் என்று அவனுக்குத் தோன்றியது, எதையும் கொட்டாமல் இருந்ததால் செய்த காரியம். ஆனால் குழந்தைக்கு மட்டும் சரியாகவில்லை. அது ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை.

அன்றைக்கே நிலையத்திலிருந்து ஆள் வந்துவிட்டது.

அதிகாரியின் அறையில் இழவு வீட்டுக் களை. மேஜைமேல் இரண்டு ஜாடிகள், இரண்டிலும் பளிங்கு போல் தண்ணீர். ஆய்வாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். எது உள்ளே வந்த தண்ணீர், எது வெளியே போன தண்ணீர் என்று அவருக்கே அடையாளம் தெரியவில்லையாம். பரிசோதனைக் கூடத்தின் வரலாற்றில் இப்படி ஒரு அவமானம் நேர்ந்ததில்லை.

"என்னய்யா காரியம் பண்ணியிருக்க?" அதிகாரி கத்தினார். தம்பி, வாங்க, போங்க எல்லாம் போய்விட்டது. "ஊரு பூராவும் நல்ல தண்ணி போயிட்டிருக்கு! உன்னாலதான்!"

"குழந்தைக்கு முடியல சார். அதான்..."

"குழந்தைக்கு வயிறுன்னா அது சுகாதாரத் துறை! இங்க செயல்திறன் என்ன ஆச்சுன்னு பாரு. வந்ததுல அழுக்கே இல்ல. இல்லாததை எப்படிய்யா நீக்குறது? பூஜ்யம்! நட்சத்திரத்தைப் பிடுங்கப் போறாங்க. பூஜ்யம் செயல்திறன் உள்ள தண்ணியை மக்கள் குடிச்சு ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

மக்கள்மீது அவருக்கு இருந்த அக்கறையில் குரல் நடுங்கியது. உடனே ஒலிபெருக்கி வேனுக்கு உத்தரவு போனது. டிப்பரைத் தாழ்வாரத்தில் உட்காரவைத்து, சேற்றை ஏன் கொட்டவில்லை என்று விளக்கம் எழுதச் சொன்னார்கள். எழுத எழுத, போதவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். அவன் கண்ணெதிரே புத்தம்புது டிப்பர் லாரி ஒன்று வந்து தரமான சேற்றைக் கொட்டிவிட்டுப் போனது, மறுபடி வந்தது, மறுபடி கொட்டியது. அதற்குப் பின்னாலேயே கேன் வேனும் வந்தது. அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமாக இறக்கினார்கள்.

அவன் வீட்டுக்குள் நுழையும்போது மனைவி சுத்தமான தண்ணீரைக் குடம் குடமாகச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். தெரு முழுக்க அதே வேலைதான் நடந்தது.

"வேன்ல சொல்லிட்டுப் போனாங்க. செயல்திறன் குறைஞ்ச தண்ணியாம், வாயிலயே வைக்கக் கூடாதாம். எனக்கு அப்பவே சந்தேகம். ஒரு நிறமும் இல்லாம ஒரு வாசமும் இல்லாம அது என்ன தண்ணி?"

"பாப்பாவுக்கு..." என்று அவன் ஆரம்பித்தான்.

"பாப்பாவுக்கு இதை ஒரு சொட்டுக்கூடக் குடுக்கல. நான் என்ன பைத்தியமா? நட்சத்திரம் வந்த அன்னைக்கே டிரம் நிறையப் புடிச்சு வச்சுட்டேன். அது பாப்பாவுக்கு மட்டும்தான். அதுலதான் தினமும் பால் கரைக்கிறேன்" என்றாள். குடத்தை வைத்துவிட்டு உள்ளே போய்க் குழந்தையை இடுப்பில் தூக்கிப் பால்புட்டியை எடுத்தாள்.

அவன் புட்டியைப் பிடுங்கிய வேகத்தில் குழந்தை வீரிட்டது. சமையலறை மூலையில் மூடியோடு அந்த நீல டிரம் இருந்தது. மேலே தண்ணீர் ஓரளவு தெளிந்துதான் இருந்தது. அவன் அதை அப்படியே தரையில் சாய்த்தான். தண்ணீர் ஓடி முடிந்ததும் அடியிலிருந்து கறுப்பும் நீலமுமாக வண்டல் வழிந்து தரையில் பரவியது. நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"ஐயோ, இது எங்கேருந்து வந்துச்சு?"

"என் வண்டியிலேருந்து" என்றான் டிப்பர். "இதைக் கொண்டுபோய்க் கொட்டுறதுதான் என் வேலை. அதுக்குத்தான் கேடயம் குடுத்தாங்க."

மனைவி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு அவள் நாலு அறை விட்டிருக்கலாம். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு பாத்திரத்தை எடுத்துக் குழாயடியில் வைத்துத் திறந்தாள். கொஞ்ச நேரம் தெளிவாக வந்தது. பாத்திரம் பாதி நிறைவதற்குள் மஞ்சள் தட்டியது, அப்புறம் பழுப்பு, அப்புறம் அந்த நாற்றம். வெளியே ஒலிபெருக்கி வேன் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"மகிழ்ச்சியான அறிவிப்பு! மகிழ்ச்சியான அறிவிப்பு! நமது நிலையத்தின் செயல்திறன் மீண்டும் உயர்ந்துவிட்டது! பொதுமக்கள் இனி அச்சமின்றிக் குடிக்கலாம்! நாளை முதல் குழந்தைகளுக்கும் கொடுக்கலாம்!"

எதிர்வீட்டில் யாரோ கைதட்டினார்கள்.

"கேன் வாங்கிட்டு வாங்க. வாங்காம வந்துடாதீங்க" என்றாள் மனைவி.

கேன் கடை வெறிச்சோடிக் கிடந்தது. "ஒண்ணுகூட இல்லப்பா. மொத்தத்தையும் தண்ணி நிலையத்துக்கு வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஏதோ விழாவாம்" என்றார் கடைக்காரர்.

டிப்பர் வண்டியைத் திருப்பினான். தார்ப்பாய் கட்டியிருந்ததால் காவலாளி வழக்கம்போல மூக்கைப் பொத்திக்கொண்டு முத்திரை குத்தி உள்ளே விட்டார். கூடத்தில் செயல்திறன் மீட்புப் பாராட்டுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. குழுத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். மேடையோரம் கேன்கள் வரிசையாக நின்றன. அவன் யாரையும் பார்க்கவில்லை. முதல் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தான், வந்து அடுத்ததைத் தூக்கினான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தான்.

செயல்திறன் அதிகாரி ஓடிவந்தார். "ஏய், என்ன பண்ற?"

"நீக்கிட்டு இருக்கேன் சார்."

"எல்லாத்தையும் தூக்கிட்டுப் போனா நாங்க எதைக் குடிக்கிறது?"

"நான் எவ்வளவு நீக்கினேன்னு மட்டும் பாருங்க சார். மீதி என்ன இருக்குன்னு பாக்காதீங்க. அது கணக்குல வராது."

கடைசிக் கேனையும் தூக்கிக்கொண்டு அவன் போய்விட்டான். தடுக்க வேண்டிய காவலாளி, உள்ளே வருகிற வண்டியைப் பார்க்கத்தான் தனக்கு உத்தரவு, வெளியே போவது தன் பிரிவு இல்லை என்றார்.

மேடையில் தலைவர், "நமது நிலையத்தின் தண்ணீரை உலகத்தில் எந்தத் தண்ணீரோடும்..." என்று சொல்லும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. இருமினார். கையை நீட்டினார், டம்ளர் காலி. சுவரோரம் ஒரு குழாய் இருந்தது. மூன்று நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டி, பளபளவென்று துடைத்து வைத்த குழாய். தலைவர் அதைப் பார்த்தார். அதிகாரி அதைப் பார்த்தார். ஆய்வாளர் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எல்லாருக்கும் அது எட்டுகிற தூரம்தான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தலைவர் இன்னும் இரண்டுமுறை இருமிவிட்டு, நன்றி வணக்கம் என்று சைகை காட்டி உட்கார்ந்துவிட்டார்.